தார் பாலைவனம்: யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்கள் கேட்டவை

லீவுக்குத் தார் பாலைவனத்தில், இந்தியாவின் ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேர் நகருக்குப் போக நினைக்கிறவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுன்னாகம்: சித்திரை வருசத்தோடு பிள்ளைகளுக்கு லீவு. அப்போது போகலாமா?

வேண்டாம் தங்கச்சி. சித்திரையிலேயே பகல் வெயில் 40 பாகையைத் தொடும். மே, யூன் மாதங்களில் 45ஐயும் தாண்டும். கார்த்திகை முதல் மாசி வரைதான் நல்ல காலம். ஆனால் மார்கழி, தை இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போய் நடுங்குகிறவர்களை வருசா வருசம் பார்க்கிறேன். நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் ஸ்வெற்றரையே எடுத்து வையுங்கள்.

கொடிகாமம்: பயண வழி எப்படி?

பலாலியில் இருந்து சென்னை. அங்கிருந்து விமானம் மாறி ஜோத்பூர். பிறகு ஜெய்சல்மேருக்கு றெயினிலோ வாகனத்திலோ ஐந்தாறு மணித்தியாலம். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு, குளிர்காலத்தில்தான் அங்கே பறப்புகள் அதிகம். விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வேலணை: சாம், குரி என்று இரண்டு மணல்மேடுகள் சொல்கிறார்கள். எது நல்லது?

சாம், ஜெய்சல்மேர் நகரில் இருந்து சுமார் 40 கிலோமீற்றர். மேடுகள் பெரியவை, கூடாரங்கள் வரிசையாக நிற்கும். பின்னேரம் ஜீப்புகள் மேட்டில் ஏறி விழுந்து ஓடும், இரவில் கல்பேலியா என்ற ராஜஸ்தான் கிராமிய ஆட்டம். அந்த ஆட்டம் 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, பார்க்க வேண்டியதுதான். பல கூடாரங்களில் அது முடிந்ததும் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு தொடங்கிவிடும், பக்கத்துக் கூடாரம் அதைவிடச் சத்தமாகப் போடும்.

குரி தென்மேற்கே இருக்கிற ஒரு கிராமம். மண்சுவர் வீடுகளில் தங்கலாம். மேடுகள் சின்னவைதான், ஆனால் இரவில் அமைதி கிடைக்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே பால்வீதியைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் குரி. இளம் பொடியன்கள் ஜீப்தான் வேண்டும் என்று நின்றால் சாம்.

நல்லூர்: அம்மாவுக்கு 68 வயது. ஒட்டகத்தில் ஏறலாமா அண்ணை?

முழங்கால், நாரி வலி இல்லாவிட்டால் ஏறலாம். ஓடும்போது அல்ல, எழும்பும்போதுதான் கவனம். ஒட்டகம் முதலில் பின்னங்காலை நிமிர்த்தும், சட்டென்று முன்பக்கம் சரிந்து அதன் கழுத்தில் விழப் பார்ப்போம். அந்த நேரம் சேணத்தின் முன்பிடியை இறுக்கிப் பிடித்துப் பின்னுக்குச் சாய வேண்டும். ஒட்டகம் கீழே குந்தும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் அதே சாய்வுதான். அரைமணி போதும், அதற்குமேல் தொடை கடுக்கும். பயமென்றால் சாமில் ஒட்டக வண்டி இருக்கிறது, அம்மா அதில் வரட்டும்.

பருத்தித்துறை: எங்கள் மணற்காடு இருக்க இவ்வளவு காசு செலவழித்து ஏன் போக வேண்டும்?

நல்ல கேள்வி! மணற்காடு கடற்கரை மணல்மேடு. மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலும் சவுக்கங்காடும் அங்கே பார்க்கலாம், கடற்காற்றும் உண்டு. தாரில் கடலும் இல்லை, ஈரமும் இல்லை. ஆனால் ராஜஸ்தானுக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு பின்னேரம் மணற்காட்டு மேட்டில் வெறுங்காலோடு ஏறிப் பாருங்கள். அதிலேயே மூச்சு வாங்கினால் ஒட்டகப் பயணத்தைச் சுருக்கித் திட்டமிடலாம்.

இணுவில்: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. கேர் சாங்ரி கறியைத் தவறவிட வேண்டாம். மானம்பூவுக்கு வன்னிவாழை வெட்டுகிறோமே, அந்த வன்னி மரத்தின் காய்தான் சாங்ரி.

மானிப்பாய்: ட்ரோன் கொண்டு போகலாமா? பாகிஸ்தான் எல்லையும் பார்க்க ஆசை.

ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும், அது எல்லை மாவட்டம். 1971 போர் நடந்த லோங்கேவாலா, தனோட் பக்கம் போவதற்கு வெளிநாட்டுப் பாஸ்போட்காரருக்குக் கட்டுப்பாடு உண்டு. முகவர் "பிரச்சினையில்லை" என்று சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் வாகனத்தில் ஏறாதீர்கள்.

சாவகச்சேரி: ஜெய்சல்மேர் கோட்டைக்குள் தங்கலாமா? சுற்றுலாவை எப்படிப் பேசி எடுப்பது?

1156இல் எழுந்த கோட்டை அது, இன்றும் உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. ஹொட்டல்களும் வீடுகளும் விடும் தண்ணீர் அடியில் ஊறி மதில்களைத் தளர்த்துகிறது. அதனால் நான் ஆட்களை வெளியேதான் தங்க வைப்பேன், உள்ளே நடந்து பார்த்தால் போதும்.

விலை பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஒட்டகத்தில் எத்தனை மணி நேரம், ஒரு ஒட்டகத்தில் ஒருவரா இருவரா, மேடு வரைக்கும் ஜீப் யாருடையது, குடிதண்ணீர் சேர்த்தியா, படுக்கை கூடாரத்திலா வெளியிலா, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். ஸ்டேஷனில் இறங்கியதும் "ஹொட்டல் இலவசம்" என்று வருகிறவரோடு போகவேண்டாம், அந்தக் காசை ஒட்டகப் பயணத்தில் ஏற்றிவிடுவார். அரைவாசி முன்பணம், மிச்சம் திரும்பி வந்த பிறகு.