டிரையத்லானில் கடைசி ஓட்டம்தானே ஜெயிப்பவரை முடிவு செய்கிறது? அப்புறம் நீச்சலும் சைக்கிளும் எதற்கு?

கேள்வி கேட்டவர் பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் போட்டியின் சுருக்கக் காணொளியைப் பார்த்திருக்கிறார். பிரிட்டனின் அலெக்ஸ் யீ, நியூசிலாந்தின் ஹேடன் வைல்டைக் கடைசி சில நூறு மீட்டரில் முந்தித் தங்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "பத்து கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் வைத்தால் போதாதா, முழுப் போட்டியையும் உட்கார்ந்து பார்க்கவேண்டுமா?" என்று கேட்கிறார்.

நியாயமான சந்தேகம். பதக்கம் யாருக்கு என்பது பெரும்பாலும் ஓட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு யார் எவ்வளவு களைத்த காலோடு வருகிறார்கள் என்பதை அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் முடிவு செய்துவிடுகிறது. சுருக்கக் காணொளியில் வெட்டி எறிவதும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

முதலில் தூரங்கள். ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஈர உடம்போடு சைக்கிள் ஏறுவதும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாட்டுவதும் எல்லாம் ஒரே கடிகாரத்தில் சேரும். 2000 சிட்னியில்தான் இது ஒலிம்பிக்குக்குள் வந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒலிம்பிக் வகைப் போட்டியில் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகலாம். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாக மிச்சம். அயர்ன்மேன் மாதிரியான நெடுந்தூரப் போட்டிகளில் இதற்குத் தடை இருக்கிறது. இங்கே அனுமதி இருப்பதால்தான் பெரிய கூட்டம் கூட்டமாக ஓட்டுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு "சைக்கிளில் ஒன்றுமே நடக்கவில்லையே, எல்லாரும் சேர்ந்துதானே வருகிறார்கள்" என்று தோன்றும். உண்மையில் அங்கே ஒரு கேள்விதான்: நீ எந்தக் கூட்டத்தில் இருக்கிறாய்? முன்கூட்டத்தில் இருந்தால் ஒளிந்து உட்கார்ந்து வரலாம். பின்கூட்டத்தில் மாட்டினால் துரத்தவேண்டும். எந்தக் கூட்டம் என்பதை நீச்சல்தான் சொல்கிறது. நீச்சலில் இருபது விநாடி தாமதம் என்பது சில சமயம் இருபது விநாடியோடு நின்றுவிடாது.

இனி பாரிஸுக்கு வருவோம், 2024 ஜூலை 31. உண்மையில் ஆண்கள் போட்டி முந்தின நாள் காலை எட்டு மணிக்கு நடந்திருக்க வேண்டும். தொடக்க விழா அன்று கொட்டிய மழையில் நகரத்துச் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்து சென் நதியில் கலந்து, கிருமி அளவு ஏறிவிட்டது. பயிற்சி நீச்சல் இரண்டு நாள் ரத்து. போட்டியும் அன்று விடிகாலையில்தான் தள்ளிவைக்கப்பட்டது. நதியைச் சுத்தம் செய்ய 140 கோடி யூரோ செலவழித்திருந்தார்கள். மழைநீரைப் பிடித்துவைக்க ஆஸ்டர்லிட்ஸ் அருகே நிலத்தடியில் பிரம்மாண்டமான தொட்டி கட்டியிருந்தார்கள். நகர மேயர் ஆன் இதால்கோ போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் தானே நதியில் இறங்கி நீந்திக் காட்டினார். அதற்குப் பிறகும் வானம் பார்த்துத்தான் இருக்கவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் நம்மூர்க் கால்வாய்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

தள்ளிவைப்பதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். ஒரு குறிப்பிட்ட காலை எட்டு மணிக்கு உடம்பு உச்சத்தில் இருக்கும்படி சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாவற்றையும் வாரக்கணக்கில் அளந்து வைத்திருப்பார்கள். திடீரென்று நாளை 10:45 மணிக்கு என்றால், நேரம் மட்டுமா மாறுகிறது? வெயிலும் மாறுகிறது. அன்று காலை முதலில் பெண்கள் போட்டி நடந்தது. மழை நனைத்த கல் பதித்த சாலையில் பலர் சறுக்கி விழுந்தார்கள். பிரான்சின் கசாண்ட்ர் போகிராண்ட் ஜெயித்தார், ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. ஆண்கள் குதிக்கும்போது சாலை காய்ந்து, வெயில் ஏறிவிட்டிருந்தது. நமக்கு இங்கே மதியம் 2:15. மதியச் சாப்பாடு முடிந்த தூக்கக் கலக்கத்தில் பார்க்க ஏற்ற போட்டி அல்ல, ஆனாலும் பார்த்தேன்.

மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தடியிலிருந்து குதித்தார்கள். நீச்சல் இரண்டு சுற்று. போகும்போது நீரோட்டத்தோடு, திரும்பும்போது நீரோட்டத்துக்கு எதிராக. அந்த எதிர் நீச்சல்தான் அன்றைய கதையின் முதல் பாகம். மழையால் நதி வேகமாக ஓடியது. திரும்பும்போது எல்லாரும் கரைச் சுவரை ஒட்டி, இழுப்பு குறைவான இடம் தேடி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று வருடம் முன்னால் டோக்கியோவில் முன்னணி ஆட்கள் இதே தூரத்தைப் பதினெட்டு நிமிடத்துக்குள் முடித்தார்கள். பாரிஸில் முதலில் கரையேறியவருக்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அமைதியான ஏரி என்றால் சுமாரான நீச்சல்காரரும் முன்னால் போகிறவரின் காலைப் பிடித்த மாதிரி தொத்திக்கொண்டு வந்துவிடுவார். எதிர் நீரோட்டத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அறுந்தது.

வைல்ட் ஏறக்குறைய ஒரு நிமிடம் பின்தங்கி வெளியே வந்தார். யீ முன்னணிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். யீ அடிப்படையில் ஓட்டக்காரர். 2018-இல் பிரிட்டனின் 10,000 மீட்டர் தட ஓட்டச் சாம்பியனே அவர்தான். அதற்கு முந்தின வருடம் இத்தாலியின் கால்யாரியில் சைக்கிளில் விழுந்து விலா எலும்பும் முதுகெலும்பும் உடைந்து, நுரையீரல் ஒன்று சுருங்கிப்போய் மருத்துவமனையில் கிடந்தவர். அப்படிப்பட்ட ஆளுக்கு நீங்கள் சொல்லும் "பத்து கிலோமீட்டர் மட்டும்" போட்டி பிறந்தவீடு மாதிரி. அவர் வருடக்கணக்கில் மெனக்கெட்டதெல்லாம் நீச்சலிலும் சைக்கிளிலும் முன்னால் இருப்பதற்கு. காரணம், அங்கே தொலைத்துவிட்டால் ஓட்டத் திறமை பயன்படும் இடம் வரைக்கும் களைக்காத காலோடு போய்ச் சேரவே முடியாது.

சைக்கிள் ஏழு சுற்று. ஷான்செலிசே, மோந்தேன் அவென்யூ, சென்-ஜெர்மேன் எனப் பாரிஸின் அஞ்சலட்டைப் படங்கள் எல்லாம் ஓடின. கேமராக்காரர்களுக்குக் கொண்டாட்டம். துரத்துகிற கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அதைப் பார்க்கவெல்லாம் நேரம் இருந்திருக்காது. வைல்ட் முன்கூட்டத்தைப் பிடித்துவிட்டார், சைக்கிள் முடியும்போது ஒரே பெரிய கூட்டம். சுருக்கக் காணொளியில் இது "எல்லாரும் ஒன்றாக ஓட்டத்துக்கு வந்தார்கள்" என்று ஒரே வரியாகிவிடும். ஒன்றாக வந்தார்கள் சரி, ஒரே அளவு மிச்சத்தோடு வந்தார்களா என்பதுதான் கேள்வி.

ஓட்டம் நாலு சுற்று. யீயும் வைல்டும் சீக்கிரமே மற்றவர்களிடமிருந்து பிரிந்தார்கள். பிறகு வைல்ட் ஒரு இழுப்பு இழுத்தார், யீயால் ஒட்ட முடியவில்லை. இடைவெளி பத்து விநாடியைத் தாண்டியது. யீயின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாமிடத்தைக் காப்பாற்றினால் போதும் என்கிற ஆள் மாதிரிதான் எனக்குத் தெரிந்தார். கடைசிச் சுற்றில் என்ன ஆயிற்றோ, இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பாலம் தெரிகிற தூரத்தில் யீ பக்கத்தில் வந்தார், நிற்கவே இல்லை, அப்படியே தாண்டிப் போனார். வைல்டிடம் பதில் இல்லை. யீ 1 மணி 43 நிமிடம் 33 விநாடி, வைல்ட் ஆறு விநாடி பின்னால், பிரான்சின் லியோ பெர்ஜேர் இன்னும் நாலு விநாடி தள்ளி மூன்றாவது.

வைல்ட் அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிட்டார், கூடவே ஓடிவந்து கடைசியில் வேகம் எடுத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட ஓட்டத்திலிருந்து வந்தவரோடு கடைசி இருநூறு மீட்டர் வரை தோளோடு தோள் போவது தோல்வியைக் கேட்டு வாங்குவது. தூரத்திலிருந்தே வேகம் எடுத்துப் பிரிந்து போவதுதான் வைல்டுக்கு இருந்த ஒரே வழி, அதைத்தான் செய்தார், கிட்டத்தட்ட ஜெயித்தும் விட்டார். ஆறு விநாடியை அவர் எங்கே விட்டார் என்று கேட்டால் நான் சாலையைக் காட்ட மாட்டேன், நதியைத்தான் காட்டுவேன். நீச்சலில் பின்தங்கியதற்குச் சைக்கிளில் கொடுத்த விலை கடைசிக் கிலோமீட்டரில் தெரிந்தது. இது என் கணிப்பு, நிரூபிக்க முடியாது. ஆனால் முழுப் போட்டியையும் பார்த்தால் நீங்களும் இதையே சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

"ஓட்டம் மட்டும் போதும்" என்பதற்கு நேர் எதிரான சாட்சி வேண்டுமா? 2016 ரியோவைப் பாருங்கள். கோபகபானாக் கடற்கரையில் நீச்சல், சைக்கிள் பாதையில் செங்குத்தான மேடு. பிரிட்டனின் பிரவுன்லீ சகோதரர்கள் அலிஸ்டரும் ஜானியும் நீச்சலிலிருந்தே வேகத்தை ஏற்றி, சிறிய கூட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போனார்கள். ஓட்டத்தில் பயங்கரமானவர்கள் என்று பெயர் எடுத்த ஸ்பெயினின் மரியோ மோலாவும் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட் மர்ரேயும் பின்கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். மர்ரே ஓட்டத்தில் பலரை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தும் நாலாவது இடம்தான். தங்கமும் வெள்ளியும் அண்ணன் தம்பிக்கு, வெண்கலம் மர்ரேயின் நாட்டுக்காரரான ஹென்றி ஸ்கூமனுக்கு. ஸ்கூமன் நல்ல நீச்சல்காரர், முன்கூட்டத்தில் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் விட்டுவிடக்கூடாது: ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் அந்த சில விநாடிகள். இதை நாலாவது விளையாட்டு என்றே சொல்வார்கள். ஷூ முன்கூட்டியே பெடலில் மாட்டியிருக்கும், வெறுங்காலோடு ஓடிப்போய் ஏறி, ஓட்டிக்கொண்டே காலை நுழைப்பார்கள். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது, கோட்டைத் தாண்டாமல் ஏறக்கூடாது. 2012 லண்டனில் ஜானி பிரவுன்லீ கோட்டுக்கு முன்னாலேயே ஏறிவிட்டதற்கு 15 விநாடி நின்று தண்டனை அனுபவித்தார், வெண்கலத்தோடு முடிந்தது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இதே வைல்ட், சைக்கிளை நிறுத்தும் முன் ஹெல்மெட் வாரைக் கழற்றியதற்கு 10 விநாடி வாங்கினார். அங்கேயும் அவரோடு ஓடியவர் யீ, தங்கம் யீக்கு. வைல்ட் தண்டனைக்கு ஒதுங்கும் முன் இருவரும் ஓடிக்கொண்டே கை குலுக்கிக்கொண்டார்கள். ஒரு வார் கழற்றும் நேரத்தில் போன தங்கம் அது.

சரி, முழுசாகப் பார்க்கவேண்டுமா என்ற கேள்வி பாக்கி. ஒன்றே முக்கால் மணி நேரம் எல்லாருக்கும் இருக்காது. நேரம் குறைவு என்றால் பாரிஸ் காணொளியில் நீச்சலின் இரண்டாவது சுற்றில் எதிர் நீரோட்டப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். கரையேறிச் சைக்கிள் எடுக்கும் வரை கண்ணை எடுக்காதீர்கள், யார் எத்தனை விநாடி பின்னால் என்று திரையில் வரும் எண்களைக் கவனியுங்கள். அப்புறம் சைக்கிளின் முதல் இரண்டு மூன்று சுற்று. நடுவில் டீ போடப் போகலாம், ஒன்றும் குறையாது. கடைசி ஓட்டத்தை எப்படியும் பார்ப்பீர்கள்.

அதுவும் நீளம் என்றால் கலப்பு அஞ்சல் போட்டியைப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாக நாலு பேர், ஆளுக்கு மூன்று விளையாட்டும் குட்டி தூரத்தில், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பாரிஸில் ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனி ஜெயித்தது, வெள்ளி அமெரிக்காவுக்கா பிரிட்டனுக்கா என்று புகைப்படம் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போனது.