சட்டத்தைப் படித்துவிட்டு வாதாடுங்கள்

தொழில்நுட்பத்துக்கு அரசு கடிவாளம் போட வேண்டுமா என்ற வாக்குவாதம் இணையத்தில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதில் இறங்கிச் சலித்துப்போனவர்களும், இன்னும் சலிக்காதவர்களும் எழுதிய கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே பொருளைத் தொடுபவற்றை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறேன்.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். நண்பர்கள் குழுவில் செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் தேவையா என்று யாராவது பேச்சை எடுத்தால், சற்று நேரத்தில் அது கட்சிச் சண்டையாகிவிடுகிறது. அரசியலை ஒதுக்கிவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் பேச வழியே இல்லையா?

பதில்: அரசியலை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஒரு செயலியை நிறுவியவுடன் இருப்பிடத்தைப் பகிரும் வசதி திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பதை யாரோ சிலர் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவைப் பொறுத்து விளம்பரம் விற்பவரின் வருமானம் கூடுகிறது அல்லது குறைகிறது, பயன்படுத்துபவரின் நடமாட்டம் பிறருக்குத் தெரிகிறது அல்லது தெரியாமல் போகிறது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்பவை எல்லாம் அரசியல் கேள்விகள்தாம். உங்கள் குழுவைக் கெடுப்பது கட்சிப்பற்று. கேள்வி மிகப் பெரிதாக இருக்கும்போது அது எளிதில் நுழைந்துவிடுகிறது; ஏனென்றால் அப்படிப்பட்ட கேள்விக்கு விடை சொல்ல விவரம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை, எந்த அணி என்று தெரிந்தால் போதும்.

2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இந்தத் தொழில்நுட்பம் முழுவதையும் ஒரே பொருளாகக் கருதவில்லை. எந்த வேலைக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்த்து வகை பிரிக்கிறது. குப்பை அஞ்சலை வடிகட்டும் மென்பொருளுக்கு ஏறத்தாழ எந்தக் கடமையும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைத் தரம் பிரிக்கும் மென்பொருள் அதிக ஆபத்துள்ள வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால், அதன் செயல்பாட்டைப் பதிவு செய்து வைப்பது, மனித மேற்பார்வைக்கு வழி செய்வது போன்ற கடமைகள் உண்டு. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் ஒருவருடைய உணர்ச்சிகளை இயந்திரத்தால் கணிப்பது, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு அன்றி, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, “சட்டம் வேண்டுமா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “ஒருவருடைய விண்ணப்பத்தை இயந்திரம் நிராகரித்தால், அதற்குக் காரணம் சொல்லும் கடமை நிறுவனத்துக்கு உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் செயல், அதைச் செய்பவர் யார், செலவு யார் தலையில் விழும் என்று பேச்சு இறங்கிவிட்டால், கட்சியைக் கொண்டு விடை சொல்வது கடினமாகிவிடும்.

கேள்வி: ஒழுங்குமுறைச் சட்டங்களை ஆதரித்து நான் எழுதும்போதெல்லாம், “எந்த இணையதளத்தைத் திறந்தாலும் குக்கிகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வந்து வழிமறிக்கிறதே, ஐரோப்பியச் சட்டம் சாதித்தது அதுதானே?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறார்கள். என்ன விடை சொல்வது?

பதில்: இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் பிரித்துப் பார்த்தால் மற்ற விவாதங்களுக்கும் உதவும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எந்தச் சட்டம்? பெரும்பாலோர் கை நீட்டுவது 2016இல் இயற்றப்பட்டு 2018 மே 25 முதல் செயல்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையை, அதாவது ஜி.டி.பி.ஆரை. ஆனால் பயனரின் கருவியில் குக்கி போன்ற சிறு தகவல் கோப்புகளைச் சேமிக்க ஒப்புதல் பெற வேண்டும் என்ற கட்டளை, 2002ஆம் ஆண்டின் மின்தொடர்பு அந்தரங்க உரிமை நெறியுரையில் 2009இல் செய்யப்பட்ட திருத்தத்திலிருந்து வருகிறது. எது ஒப்புதலாகும், எது ஆகாது என்பதைக் கறாராக வரையறுத்தது மட்டுமே பின்னால் வந்த ஜி.டி.பி.ஆரின் பங்கு.

அடுத்து, அந்தப் பெட்டியை வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. நீங்கள் உள்நுழைந்திருப்பதையோ, கூடையில் போட்ட பொருளையோ நினைவில் வைத்திருக்கத் தேவையான குக்கிகளுக்கு ஒப்புதல் வேண்டியதே இல்லை. வாசகரைப் பின்தொடர்ந்து சென்று விளம்பரம் காட்ட விரும்பாத தளம் இந்தப் பெட்டியை வைக்காமலேயே நடக்கலாம். அப்படியென்றால் அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு எரிச்சலூட்டுகிறது? அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். “அனைத்தையும் ஏற்கிறேன்” என்பது பளிச்சென்ற நிறத்தில் பெரிய பொத்தானாக இருக்கும். மறுப்பதற்கோ, மங்கிய எழுத்தில் உள்ள “அமைப்புகள்” என்ற சொல்லைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வகையாக அணைத்து, கடைசியில் சேமிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டத்தை ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. அதே ஆண்டிலேயே கூகுள் ஐரோப்பாவில் “அனைத்தையும் மறுக்கிறேன்” என்ற பொத்தானைக் கொண்டுவரத் தொடங்கியது. எரிச்சலில் பெரும்பகுதி சட்டத்தால் வந்ததல்ல, சட்டத்தைச் சுற்றிப் போக வகுத்த வழியால் வந்தது என்று நீங்கள் தாராளமாக எழுதலாம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் நீங்களும் பாதியைத்தான் சொன்னவராவீர்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை கேட்கப்படும் கேள்வியை எவரும் படித்துப் பார்த்து விடையளிப்பதில்லை என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சிறிய தளம் நடத்துபவர் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்க ஆகும் செலவும் உண்மையான சுமைதான். இவற்றை ஒப்புக்கொண்டபின், வேறு எப்படி எழுதியிருக்கலாம் என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பை அழைத்து வாருங்கள். உலாவியில் ஒரே ஒருமுறை “என்னைப் பின்தொடராதே” என்று அமைத்துவிட்டால் எல்லாத் தளங்களும் அதை மதிக்க வேண்டும் என்பது ஒரு வழி. அதற்குப் பணிவதைத் தளங்களின் விருப்பத்துக்கு விட்டபோது பெரும்பாலானவை பொருட்படுத்தவில்லை. அந்தத் தரநிலையை உருவாக்க அமைந்த குழு 2019இல் கலைந்தது. கலிபோர்னியாவிலோ அத்தகைய குறிப்பை மதிப்பது சட்டக் கடமையாக்கப்பட்டு, அதை மதிக்காததும் ஒரு காரணமாக 2022 ஆகஸ்டில் செஃபோரா நிறுவனம் 12 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. இப்போது உங்கள் முன் இருப்பது இரண்டு விதிகளுக்கு இடையிலான ஒப்பீடு.

கேள்வி: “தொழில்நுட்பம் குதிரை வேகத்தில் ஓடுகிறது, சட்டம் ஆமை வேகத்தில் நகர்கிறது, ஆகவே சந்தையிடமே விட்டுவிடுங்கள்” என்ற வாதம் சரியா?

பதில்: முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாம் பாதி அதிலிருந்து பிறப்பதில்லை. டேவிட் காலிங்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1980இல் இந்த இக்கட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒரு தொழில்நுட்பம் இளமையாக இருக்கும்போது அதை மாற்றுவது எளிது, ஆனால் அதன் விளைவுகள் தெரியாது. விளைவுகள் தெரியவரும்போது அது வேரூன்றிவிடுகிறது, மாற்றுவது கடினம். காத்திருக்கச் சொல்பவர்கள் முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள், அவசரப்படுபவர்கள் இரண்டாம் பகுதியை மட்டும்.

கைப்பேசி மின்னேற்றிகளின் கதை இதில் யாருக்கும் முழு வெற்றி தராத நல்ல சான்று. பெரிய நிறுவனங்கள் 2009இல் தாமாகவே செய்துகொண்ட உடன்பாட்டினால், ஐரோப்பாவில் சுமார் 30 ஆக இருந்த மின்னேற்றி வகைகள் 3 ஆகக் குறைந்தன. அந்த 3, ஆண்டுகள் கடந்தும் 1 ஆகவில்லை. 2022இல் சட்டம் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைப்பேசிகளுக்கு யு.எஸ்.பி.-சி என்ற ஒரே வகை மின்னேற்றி இணைப்பு கட்டாயமாயிற்று. இனிமேல் புதுமைக்கு இடமில்லை என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். தொழில்நுட்பம் மாறும்போது விதியைப் புதுப்பிக்கும் அதிகாரமும் அதே சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது போதுமா என்பது நியாயமான விவாதம். அந்தப் பிரிவைப் படிக்காமல் நடத்தும் விவாதத்தால் பயனில்லை.

கேள்வி: என் மாமா ஓய்வுபெற்ற காவல் துறை அதிகாரி. “ஒளித்து வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு மறையாக்கம் எதற்கு? காவல் துறைக்கு மட்டும் ஒரு தனிச் சாவி கொடுத்தால் குழந்தைகளைக் காப்பாற்றலாம்” என்று குடும்பக் குழுவில் எழுதுகிறார். நான் மறுத்தால் குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்கிறார். அவர் மனம் புண்படாமல் எப்படிப் பேசுவது?

பதில்: உங்கள் மாமா பார்த்த வழக்குகளை நீங்கள் பார்த்ததில்லை. குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகள், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே செய்தியைப் படிக்கக்கூடிய மறையாக்கப்பட்ட செயலிகள் வழியாகவும் நடக்கின்றன என்பது உண்மை. “மாமா, அதை நான் மறுக்கவில்லை” என்று முதலில் எழுதுங்கள். அவரை அடக்குமுறையாளராகச் சித்திரிப்பவர்கள் அவருடைய கவலையைக் காதில் வாங்காதவர்கள்.

பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் தனிச் சாவி காவல் துறையிடம் மட்டுமே இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? கிரேக்க நாட்டில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட 100க்கும் மேற்பட்டோரின் கைப்பேசிகள் பல மாதங்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதைச் செய்தவர்கள் புதிதாக எந்தக் கருவியையும் பொருத்தவில்லை. சட்டப்படி அரசு கேட்கும்போது உரையாடலைத் திருப்பிவிடுவதற்காகத் தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளிலேயே அமைந்திருந்த வசதியை, திருட்டுத்தனமாக நிரலைப் புகுத்தி இயக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1993இல் அரசு முன்வைத்த, தொலைபேசி உரையாடலை மறையாக்கும் கிளிப்பர் சில்லும் மாமா கேட்பதைப் போன்றதே. உரையாடல்களைத் திறக்கும் சாவிகள் இரண்டு அரசு அமைப்புகளிடம் பிரித்து வைக்கப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. மறு ஆண்டே மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர், அந்தச் சில்லைப் பயன்படுத்திக்கொண்டே அரசின் சாவி பயன்படாதபடி செய்ய முடியும் என்று காட்டினார். திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

இவை உங்கள் மாமாவின் நோக்கத்துக்கு எதிரான சான்றுகள் அல்ல, அவர் சொல்லும் வழிக்கு எதிரானவை. இந்த வேறுபாட்டை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். செய்தியைப் பெற்றவரே புகார் அளித்தால் அதைச் சான்றாக்குவது, நீதிமன்ற ஆணையோடு கருவியைக் கைப்பற்றி ஆராய்வது, யார் யாருடன் எப்போது தொடர்பு கொண்டார் என்ற பதிவுகளைப் பெறுவது ஆகிய வழிகளில் எவை நடைமுறையில் பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்று அவரையே கேளுங்கள். அந்த அனுபவம் விவாதத்துக்கு வேண்டும், அது அவரிடம்தான் இருக்கிறது. கருவியிலேயே படங்களைச் சோதிக்கலாமே என்று அவர் கேட்கக்கூடும். ஆப்பிள் நிறுவனம் 2021 ஆகஸ்டில் அப்படியொரு திட்டத்தை அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2022 டிசம்பரில் கைவிட்டது. இன்று குழந்தைக் கொடுமைப் படங்களைத் தேடும் அமைப்பை நாளை வேறு எதையும் தேடச் சொல்லலாம் என்பதே எதிர்த்தவர்களின் கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு.

கேள்வி: ஒரு சட்டத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள் என்றால் அதுவே மக்கள் கருத்து என்று கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். எல்லாத் தளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்னும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கை கூறியது. விதிகளை நீக்க விரும்பிய இணையச் சேவை நிறுவனங்களின் பணத்தில் நடந்த இயக்கம் 85 லட்சம் போலிக் கருத்துகளை உருவாக்கியது. விதிகள் நீடிக்க வேண்டும் என்ற தரப்பில் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே 77 லட்சத்துக்கும் மேல் அனுப்பினார். இரு தரப்பும் கலப்படம் செய்த கணக்கை வைத்து எதை நிறுவ முடியும்?

கேள்வி: எந்தச் சான்றையும் ஏற்காதவர்களிடம் எப்போது வாதத்தை நிறுத்துவது?

பதில்: “நீங்கள் விரும்பும் விதியை இரண்டு வாக்கியத்தில் எழுதிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். எழுதினால் தொடருங்கள், உங்களுடையதையும் எழுதுங்கள். வசையே விடையாக வந்தால் அங்கேயே விலகிவிடுங்கள். மிச்சமான நேரத்தை, வரைவுச் சட்டங்கள் மக்கள் கருத்துக்காக வெளியிடப்படும்போது பயன்படுத்துங்கள். போலிகள் குவியும் என்று தயங்க வேண்டாம். ஒரே வாசகத்தைப் படியெடுத்த மனுக்களுக்கு நடுவே தனித்துத் தெரிவது விவரமான மனுதான். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அதனால் யார் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று விளக்கி, அதற்கு மாற்றாக எந்த வாசகம் வரலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். கடைசித் தேதிக்கு முன் அனுப்பிவிடுங்கள்.