ஒளியியல் பயோசென்சர் பத்து நிமிடத்தில் நோய்க்கிருமியைக் காட்டிவிடும் என்கிறார்கள். அப்படியானால் உணவு ஆய்வகங்கள் ஏன் இன்னும் ஐந்து நாள் எடுத்துக்கொள்கின்றன? மெத்தனம்தான் காரணமா?

மெத்தனம் காரணம் அன்று. கேள்வியின் கடைசிச் சொல் என்னைச் சுட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏதோ ஒரு சரக்கின் ஆய்வறிக்கைக்காகக் காத்திருந்து, கிடங்கு வாடகை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தவிப்பு எனக்குப் புரியும். நான் ஐந்து ஆண்டுகள் முனைவர் பட்டத்துக்காக, ஒளியை வைத்துக் கிருமியைக் கண்டறியும் இந்த வகைக் கருவியை உருவாக்கியவள். அதன்பின் பதினோரு ஆண்டுகளாகத் தூத்துக்குடியில் ஏற்றுமதி இறாலைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்து நிமிடம் என்பது பொய்யன்று. கண்ணாடிப் பட்டகத்தின் மீது ஏறக்குறைய 50 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசி, அதன்மேல், உணவின் வழியே நோய் தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டவைப்போம். அடியிலிருந்து செலுத்தும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரும்பி வராமல் மங்கிவிடும். தங்கத்தின் மேல் ஏதேனும் வந்து ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். அந்த நகர்வுதான் நாம் படிக்கும் அளவு. 1983இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த வழியை உயிர்ப்பொருள்களுக்குப் பயன்படுத்திக் காட்டினர். சிக்கல் என்னவென்றால், அந்த ஒளியின் தாக்கம் தங்கத்துக்கு மேலே சுமார் 200 நானோமீட்டர் உயரம் வரைதான். சால்மோனெல்லாவோ 2,000 நானோமீட்டர் நீளமும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமும் உடையது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவரைப் போல, அதன் அடிப்பகுதி மட்டுமே ஒளியில் நனைகிறது. ஆகவே சிறு புரதங்களை மிக நுட்பமாகக் காட்டும் இதே கருவி, முழு பாக்டீரியாவைக் காட்ட மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம், சில நேரம் ஒரு லட்சம் என்ற எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது.

என் கருவி உப்புக் கரைசலில் பன்னிரண்டு நிமிடத்தில் பத்தாயிரத்தைக் காட்டியது. அந்த வரைபடத்தை அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். அடுத்த வாரம் என் வழிகாட்டி, "பாலில் செய்து காட்டம்மா" என்றார். விடுதிக்குப் பக்கத்தில் விடியற்காலையில் கறந்து வரும் பாலை வாங்கி, அதில் எந்தக் கிருமியையும் சேர்க்காமல், ஒப்பீட்டுக்காக முதலில் வெறும் பாலைச் செலுத்தினேன். கோணம் பாய்ந்து நகர்ந்தது. ஒரு லட்சம் சால்மோனெல்லாவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய நகர்வு. நன்றாகக் கழுவிய பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தங்கம் பூசிய சில்லை இடுக்கியால் எடுத்துக் குழல்விளக்கின் அடியில் சாய்த்துப் பார்த்தேன். தங்கத்தின் மேல் பாலாடை போல, ஓரங்களில் வானவில் நிறம் தெரியும் மெல்லிய படலம் ஒன்று படிந்திருந்தது. பாலின் கேசீன் புரதமும் கொழுப்பும் தங்கத்தில் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. ஒளிக்கு எல்லா ஒட்டலும் ஒன்றுதான். பாலைப் பத்து மடங்கு நீர்த்தால் படலம் குறைந்தது. ஆனால் கிருமியும் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. இந்த ஒரு முடிச்சை ஓரளவு அவிழ்க்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. வெளியாகும் கட்டுரைகளில் எத்தனையோ உப்புக் கரைசலோடு நின்றுவிடுகின்றன. நின்ற இடத்தைத் தலைப்பில் சொல்வதில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஆன்டிபாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவியின் விலைப்பட்டியலில் அது ஒரு வரியாகத்தான் வரும். அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த பொட்டலம் கிடங்கில் ஆறு நாள் கிடந்து, குளிர்ப்பைகள் வெறும் தண்ணீர்ப்பைகளாகி என் கைக்கு வந்தது. வேறு வழியின்றி அதையே பயன்படுத்தினேன்; ஒரு மாத அளவீடுகள் முழுவதும் தாழ்ந்தே வந்தன, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். ஒளியும் தங்கமும் கெடாது. கிருமியை அடையாளம் காண்பது அந்தப் புரதம். அது வெயிலில் கெடும்.

இனி உங்கள் ஐந்து நாளுக்கு வருகிறேன். 25 கிராம் உணவில் ஒரு சால்மோனெல்லா கூட இருக்கக் கூடாது என்பதே வாங்குபவர்கள் எங்களுக்கு வைக்கும் வரம்பு. 25 கிராம் இறாலை, கிருமி வளர ஊட்டம் தரும் பெப்டோன் நீர் 225 மில்லிலிட்டரில் கலக்குகிறோம். மொத்தம் 250 மில்லிலிட்டர், அதில் ஒரே ஒரு கிருமி. சென்சரின் வாய்க்காலுக்குள் போவது 0.1 மில்லிலிட்டர் என்று கொள்ளுங்கள். அந்தக் கிருமி அதற்குள் இருக்கும் வாய்ப்பு 2,500இல் ஒன்று. எவ்வளவு கூர்மையான ஒளியாக இருந்தாலும், முன்னால் வராத கிருமியை அது எப்படிக் காட்டும்? அதனால்தான் முதலில் வளரவிடுகிறோம். ஒன்று பெருகி மில்லிலிட்டருக்குப் பத்தாயிரமாக வேண்டுமானால் 21 முறைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை என்றாலும் பத்தரை மணி நேரம். உறைநிலையில் அடிபட்ட கிருமி தேறி எழ இன்னும் சில மணி நேரம் கேட்கும். முதல் இரவு இப்படித்தான் போகிறது. பிறகு பிற கிருமிகளை அடக்கும் வளர்ப்பு ஊடகத்தில் ஒரு நாள், கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு நாள், சிவந்த தட்டில் கரும்புள்ளி வைத்த கூட்டங்கள் தெரிந்தால் அவை சால்மோனெல்லாதான் என்று உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள். அதே கரும்புள்ளியைக் காட்டும் வேறு கிருமிகளும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையடக்க ஒளிக்கருவி ஒன்றுடன் எங்களிடம் வந்தார். எங்கள் முதலாளிக்கு மகிழ்ச்சி. "இனி சாயங்காலமே கன்டெய்னரை அனுப்பிவிடலாம்" என்றார். நான் நான்கு குப்பிகளுக்கு எண் மட்டும் இட்டுக் கொடுத்தேன். ஒன்றில் கிருமியில்லாத இறால் கழுவிய நீர். இன்னொன்றில் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம். மூன்றாவதில் ஏறக்குறைய ஐம்பது. நான்காவதில் கொதிக்கவைத்துக் கொன்ற சால்மோனெல்லா. முதல் இரண்டையும் கருவி சரியாகச் சொன்னது. ஐம்பது இருந்த குப்பியை 'இல்லை' என்றது; செத்த கிருமியை 'உண்டு' என்றது. எங்கள் தட்டுகளில் மூன்றாவது குப்பி முளைத்தது, நான்காவது முளைக்கவில்லை. அந்தக் கருவியின் சொல்லை நம்பியிருந்தால் கெட்ட சரக்கு கப்பலேறியிருக்கும், வேகவைத்த நல்ல சரக்கு குப்பைக்குப் போயிருக்கும். ஆன்டிபாடி பற்றுவது கிருமியின் மேல்தோலை. உயிர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

பழைய முறையில் பிழைப்பவள் புதியதை எதிர்க்கிறாள் என்று சிலர் எழுதக்கூடும். என் இளமையின் ஐந்து ஆண்டுகளை இந்த ஒளிக்குத்தான் கொடுத்தேன். அது வெல்ல வேண்டும் என்று என்னைவிட விரும்புபவர் இந்தத் தளத்தில் அதிகம் இருக்க முடியாது. சரியான இடத்தில் வைத்தால் அது இன்றே பயன்படுகிறது. ஆன்டிபாடியையும் ஒளிர்வையும் சேர்த்துப் படிக்கும் தானியங்கிக் கருவிகள் ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக உள்ளன. அவையும் ஓரிரவு வளர்ப்புக்குப் பிறகே மாதிரியைப் பெறுகின்றன. நாங்கள் வளர்த்த நீரில் ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளைக் கலக்குகிறோம். காந்தத்தை அருகில் வைத்ததும் குழாயின் சுவரில் துருக்கறை போல ஒரு பழுப்புக் கோடு இழுபட்டு நிற்கும். பரந்து கிடந்த கிருமிகள் அந்தக் கோட்டில் சேர்ந்திருக்கும். அதைத்தான் கருவிக்குக் கொடுக்கிறோம். 'இல்லை' என்று வந்தால் அறிக்கை மறுநாளே போகிறது. 'உண்டு' என்றால் மட்டும் தட்டுக்குப் போகிறோம். ஐந்து நாளில் மூன்று நாளை இப்படி மிச்சப்படுத்தியிருக்கிறோம்.

குடிநீரில் நிலைமை இன்னும் நல்லது. கொழுப்பு இல்லை, புரதம் இல்லை; 100 மில்லிலிட்டரையும் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் வடிகட்டிக் கிருமிகளை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2011இல், வளைத்த ஒளியிழையில் 280 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, ஈ.கோலை பாக்டீரியா தானே அந்த ஒளியை உறிஞ்சுவதை வைத்து மில்லிலிட்டருக்கு ஆயிரம் அளவு வரை கண்டுபிடித்தனர். தங்கமும் வேண்டாம், நிறமியும் வேண்டாம் என்பதால் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்கள் கருவி வாங்கும் யோசனையில் இருந்தால், விற்பவரிடம் நேரத்தைக் கேட்பதற்கு முன் அளவைக் கேளுங்கள்: எத்தனை கிராம் உணவிலிருந்து எத்தனை மில்லிலிட்டர் உள்ளே போகிறது, அதற்கு முன் எத்தனை மணி நேரம் வளர்க்க வேண்டும், உங்கள் பொருளிலேயே சோதித்தார்களா அல்லது உப்புக் கரைசலிலா, செத்த கிருமிக்கு என்ன பதில் வருகிறது. உங்கள் சரக்கு பாலா, இறைச்சியா, நீரா என்று கருத்தில் எழுதுங்கள். எங்கள் குப்பிகளை எப்படித் தயாரித்தோம் என்பதை அளவோடு எழுதி அனுப்புகிறேன்.