ஜிபிஎஸ் செய்தவர்கள் என்ன படித்தார்கள்? திருமங்கலம் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மனையை விற்றாவது மகளை விண்வெளிப் பொறியியலில் சேர்க்கலாமா, இஸ்ரோ வேலை உறுதியா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் பணத்தைப் பேசிவிடலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் விண்வெளிப் பொறியியல் இடம் வாங்குவதற்காக மனையை விற்க வேண்டாம். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ குறையைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அவளுடைய பெரிய பலம். பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் நீங்களாகப் போய்ச் சேர்த்தால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும்.

அடுத்தது, அவளுக்குப் பிடித்தது ராக்கெட்தானா என்பது. நில அளவைத் துறையில் இருக்கும் தாய்மாமனுடன் சாலைப் பணிக்கு அளக்கப் போயிருக்கிறாள். அவர் நட்டுப் பிடித்திருந்த, உச்சியில் ஜிபிஎஸ் கருவி வைத்த ரோவர் கம்பத்தைப் பார்த்துவிட்டு, "கைப்பேசி பத்தடி தள்ளிக் காட்டுகிறது, இது மட்டும் எப்படி இரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்கிறது?" என்று வீட்டில் எல்லோரையும் துளைத்தெடுத்திருக்கிறாள். ராக்கெட் கட்டுகிறவர்களின் கேள்வி அல்ல இது. ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டல் என்ற துறையின் மையக் கேள்வி.

அதற்கு விடை கண்டவர்கள் யார் என்று பாருங்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கும் கருவி, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையையே அளவுகோலாகப் பிடிக்கிறது. ஜிபிஎஸ் அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். கோளுக்கும் கம்பத்துக்கும் இடையே முழு அலைகள் எத்தனை என்று பிசகில்லாமல் எண்ணிவிட்டால் சென்டிமீட்டர் துல்லியம் வந்துவிடும். அந்த எண்ணிக்கை பிடிபடும் வரை மாமன் கம்பத்தை அசைக்காமல் நிற்பார். திரையில் 'ஃபிக்ஸ்' என்று வந்த பிறகுதான் புள்ளியைப் பதிவார். அந்த எண்ணிக்கையை விரைவாகக் கண்டுபிடிக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு முறையை 1990-களில் உருவாக்கியவர் நெதர்லாந்தின் பீட்டர் டோனிசன். அவர் புவி அளவையியல்காரர். மாமனின் தொழிலுக்கு அண்ணன் முறை வேண்டும் படிப்பு அது.

முன்னோடிகளும் இப்படித்தான், ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவர்கள். 1957-இல் ஸ்புட்னிக் பறந்தபோது அதன் வானொலி ஒலியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து அதன் பாதையைக் கணக்கிட்ட கையரும் வைஃபன்பாக்கும் இயற்பியல்காரர்கள். ஜிபிஎஸ் திட்டத்தை 1973 முதல் நடத்திய பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் கடற்படை அகாதமியில் படித்து, விமானப்படையில் சேர்ந்து, பிறகு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். பூமியின் உண்மையான வடிவத்தைக் கணக்கிட்டு ஜிபிஎஸ்ஸுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான கிளாடிஸ் வெஸ்ட் விவசாயக் குடும்பத்துப் பெண், படித்தது கணிதம், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் 1956-இல் சேருவதற்கு முன் பள்ளி ஆசிரியை. இவர்கள் யார் பட்டத்திலும் 'செயற்கைக்கோள் வழிகாட்டல்' என்ற பெயர் இல்லை.

நம் நாட்டுக் கதையில் எனக்குப் பிடித்தது கடிகாரக் கதை. ஒரு நானோநொடி பிசகினால் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும் என்பதால் இந்தக் கோள்களில் அணுக் கடிகாரம் கட்டாயம். 2013-இல் ஏவிய நம் முதல் வழிகாட்டல் கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. கோள் மேலே சுற்றுகிறது, இடம் சொல்லத்தான் முடியவில்லை. பிறகு அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் நாமே ஒரு கடிகாரம் செய்தோம். அது 2023 மே மாதம் என்விஎஸ்-01 கோளில் ஏறியது. அப்படிப்பட்ட வேலைக்கு அடிப்படை அணு இயற்பியல். மதுரையில் ஒரு நல்ல கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. முடித்தவர்களும் அந்தக் கதவைத் தட்டலாம். "வெறும் பி.எஸ்சி.யா?" என்று உறவினர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

இன்னொன்று நம் ஊர்ப் பக்கத்து விஷயம். கோளிலிருந்து வரும் சமிக்ஞை, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போவதால், சூரியன் மறைந்த பிறகு நம் தலைக்கு மேலே அந்த மண்டலம் குமுறிக் கிடக்கும். பல இரவுகளில் சமிக்ஞை துடிக்கும். இதை ஆராயத்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. நம் நாட்டின் சொந்த வழிகாட்டல் அமைப்பான நாவிக்கின் கோள்கள் எல்5, எஸ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் பேசுவதற்கும் இந்தத் தாமதத்தைக் கழித்துவிட முடியும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கலந்தாய்வில் எதைத் தேர்ந்தெடுப்பது? என் வரிசை இது: முதலில் மின்னணு மற்றும் தகவல் தொடர்பு, ஊர் எதுவானாலும் நல்ல அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அவர் துறை வழிகாட்டல் அல்ல, ஆனால் புறப்பட்ட இடம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் இந்தப் பிரிவுதான். அடுத்ததாக, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் உள்ள புவித் தகவலியல் பிரிவு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. மாமனைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். திருவனந்தபுரம் விண்வெளி நிறுவனம் வேண்டுமென்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை தேவை. அதற்காக ஓராண்டை வீணாக்கச் சொல்ல மாட்டேன்.

இஸ்ரோ வேலை உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. விளம்பரங்களில் வழக்கமாக மின்னணுவியல், இயந்திரவியல், கணினி அறிவியல் பட்டதாரிகளைத்தான் கேட்கிறார்கள். பட்டத்தில் 65 சதவீதத்துக்குக் குறைந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. ஆனால் இந்தத் துறையின் வேலைகள் இஸ்ரோவுக்கு வெளியேதான் அதிகம்: கைப்பேசிச் சில்லு செய்யும் நிறுவனங்கள், வாகன மின்னணுவியல், டிரோன், வரைபட நிறுவனங்கள். அங்கே அன்றாட வேலை பெரும்பாலும் நிரல் எழுதுவதும் பிழை தேடுவதும்தான். கணிதத்தில் அணிகளும் நிகழ்தகவும் கசந்தால் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

அது கசக்குமா இனிக்குமா என்று செலவில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. கோள்களைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் சிறிது நேரமும், மாசி வீதிகளை ஒட்டிய குறுகிய சந்து ஒன்றில் சிறிது நேரமும் அவளை நிற்கச் சொல்லுங்கள். சந்துக்குள் வரைபடத்தில் அவள் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். ஏன் தாவியது, எந்தக் கோளின் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பியது என்று அவள் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தால் எனக்கு அது போதும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதிவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கிவிடுங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் ரசீதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். திருப்பிக் கேட்கும் கடிதத்தை இங்கேயே எழுதிக்கொள்ளலாம்.