சைலன்சரில் காற்றாடி வைத்தால் கரண்ட் வருமா?

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். சைலன்சர் வாயில் கையைக் காட்டினால் காற்று அவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது. அதில் சின்னக் காற்றாடியும் டைனமோவும் மாட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினால் என்ன? வீடியோவில் ஒருவர் பல்பு எரிய வைத்தே காட்டுகிறார், எங்கள் மெக்கானிக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: மெக்கானிக் சிரித்திருக்க வேண்டாம். எரிகிற கேஸின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகி சைலன்சர் வழியாகத்தான் போகிறது, பல்பு எரிந்ததும் நிஜமாகவே இருக்கலாம்.

ஆனால் நீங்கள் காற்றாடி வைக்க நினைக்கும் இடம்தான் தப்பு. பிஸ்டன் முழுதாகக் கீழே இறங்குவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், அப்போது உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைப்போலச் சில மடங்கு அழுத்தத்தில் இருப்பதால் யாரும் தள்ளாமலே சீறிக்கொண்டு வெளியே வரும். இலவசம் என்று சொல்ல முடிந்தால் அந்த முதல் பாய்ச்சலைத்தான் சொல்லலாம். டர்போவை (புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) எஞ்சினை ஒட்டியே வைப்பது அதைப் பிடிக்கத்தான். அப்புறம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகள் எல்லாவற்றையும் தாண்டி வால் பக்கம் வருவதற்குள் அழுத்தம் தீர்ந்துபோகும். அங்கே போய்க் காற்றாடியை மறித்து வைத்தால் பிஸ்டன்தான் கூடுதலாக முக்கித் தள்ள வேண்டும். பல்பும் எரியும், கேஸும் சேர்ந்தே எரியும். கிராங்கோடு (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுற்றி ஏற்கெனவே உங்கள் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதைவிட எவ்வளவோ மேல்.

சரியான இடத்தில் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1950களில் ஏர் இந்தியா ஓட்டிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானத்தின் எஞ்சின் ஒவ்வொன்றிலும் (ரைட் என்ற கம்பெனி செய்தது) மூன்று டர்பைன்கள், அதாவது காற்றாடிகள், புகையிலிருந்து சுமார் 450 குதிரைசக்தியை மீட்டு கிராங்குக்கே திருப்பிக் கொடுத்தன, ஆனால் அது மொத்தம் 3,000 குதிரைசக்திக்கு மேல் தரும் பெரிய எஞ்சின். கரண்டாகவே எடுத்தது என்றால் ஃபார்முலா 1 கார்கள், 2014 முதல் 2025 வரை டர்போவோடு ஒரு மோட்டாரைக் கோத்து மின்சாரம் எடுத்தார்கள். செலவும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் அதைத் தூக்கிவிட்டார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறவர்களுக்கே கட்டவில்லை!

அதோடு, சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது வண்டி ஐடிலில் இருக்கும், புகையே கொஞ்சம்தான் வரும், காற்றாடி எங்கே சுற்ற? இன்னொன்று, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தராது.

கேள்வி: கடைசி வருட பிராஜெக்டுக்காக எஸ்.பி. ரோடில் பெல்டியர் தகடுகள் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், சூடு காட்டினால் கரண்ட் தரும்) வாங்கி பைக் சைலன்சரில் ஒட்டப்போகிறோம். ஹெட்லைட் எரியுமா?
– மாணவர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: 35 வாட் ஹாலஜன் என்றால் எரியாது, தம்பி. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று சீபெக் 1821இலேயே கண்டுவிட்டார், 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் அந்த வழியில்தான் இன்னும் ஓடுகின்றன. ஆனால் கடையில் கிடைக்கும் தகடு குளிரூட்டுவதற்காகச் செய்தது. உள்ளே இருக்கும் ஈயப்பற்று சாதாரண வகையில் 138 டிகிரியிலேயே இளகிவிடும், சைலன்சரின் முன்பகுதி அதைத் தாண்டும். பத்திரமாக வைத்தாலும் ஒன்றிரண்டு வாட்தான் தேறும். சூடான பக்கத்தைவிடக் குளிர்ந்த பக்கத்தைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு, சூட்டை வெளியே கடத்தும் நல்ல ஹீட் சிங்க் போட்டு அதை அளந்து எழுதுங்கள், மார்க் அதில் கிடைக்கும். வெப்பத்தை கன்வர்ட்டருக்கு முன்னால் உறிஞ்சிவிடாதீர்கள், அது சூடேறினால்தான் வேலை செய்யும்.

கேள்வி: அப்படியானால் வீணாகும் சக்தியை வண்டியில் எங்கேதான் பிடிப்பது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பிரேக்கில். 1,200 கிலோ கார் 50 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் சுமார் 115 கிலோஜூல் சூடாகிப் போகிறது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகள் மோட்டாரையே டைனமோவாக்கி அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பாதி கிடைத்தாலே, முந்தைய கேள்வியில் சொன்ன தகடு 2 வாட் கணக்கில் எட்டு மணி நேரம் உழைத்துத் தருவதற்குச் சமம். நம்ம ஊர் டிராஃபிக்கில் பிரேக் போடுவதற்கா பஞ்சம்?