கடலோர எரிமலையில் ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

ககோஷிமாவில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, மலையேற்றப் பயிற்சி பெரிதாக இல்லை, கடலை ஒட்டிய எரிமலை ஒன்றில் ஏறி அன்றே திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜப்பானின் கியூஷு தீவின் தென்பகுதியில், இபுசுகி நகரையொட்டிக் கடலோரத்தில் எழும் கைமோன் மலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் உயரம் 924 மீட்டர்தானே என்று அரை நாளை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நடை தாழ்வான இடத்தில் தொடங்குவதால், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தைக் காலால்தான் கடக்க வேண்டும்.

திட்டத்தை மலையிலிருந்து அல்ல, ரயில் அட்டவணையிலிருந்து தொடங்குவது நல்லது. ககோஷிமாவிலிருந்து இபுசுகி வரை ரயில்கள் ஓரளவு அடிக்கடி ஓடுகின்றன. அதைத் தாண்டி கைமோன் நிலையம் வழியாக மகுராசாகி செல்லும் பகுதியில் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வண்டிகள் உண்டு. ஆகவே திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்துகொண்டு, ஏறுவதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம், இறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம், உச்சியில் இளைப்பாறச் சிறிது நேரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், காலை வண்டியைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே கலைந்துவிடும் என்பது விளங்கும். முந்தைய இரவு இபுசுகியில் தங்குவதே என் தேர்வாக இருக்கும்.

பாதை ஒன்றே ஒன்றுதான். ஜப்பானிய மலைப்பாதைகளைப் பத்துப் பங்காகப் பிரித்து எண்பலகை நடுவது வழக்கம். இங்கே வடக்கு அடிவாரத்தில் இரண்டாம் பங்கில் நுழைந்து, கிழக்கு, தெற்கு, மேற்கு என மலையை ஏறத்தாழ ஒரு முறை வலம் வந்தபடியே உச்சியை அடைகிறோம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம், சரிவும் கடலும் இடக்கைப் பக்கம். அடிவாரத்தில் உள்ள ஹிராகிகி ஆலயம் இந்த மலையையே தெய்வமாகப் போற்றி வந்த இடம் என்பதால், கிரிவலம் தெரிந்த நமக்கு இந்த ஏற்றம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

பெரும்பாலான தூரம் அடர்ந்த காட்டுக்குள் செல்வதால், நடக்கும்போதே கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐந்தாம் பங்கில் மரங்கள் விலகி நாகசாகிபானா முனை தெரியும். ஏழாம் பங்கை ஒட்டி, வானம் தெளிவாக இருந்தால், தெற்கே யாகுஷிமா தீவு தெரியும். தரையின் தன்மை மாறுவதும் ஏறக்குறைய இந்த உயரத்தில்தான். கைமோன் மலை உண்மையில் இரண்டு அடுக்கு கொண்டது: சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கிய கூம்பின் தலையில், கி.பி. 885இல் நிகழ்ந்த கடைசி வெடிப்பின்போது பிதுங்கிய எரிமலைக் குழம்பு குவிமாடமாக இறுகி அமர்ந்திருக்கிறது. கீழ் அடுக்கில் துளைகள் நிறைந்த கருஞ்சரளை காலடியில் உருண்டு சறுக்கும்; மேல் அடுக்கில் ஆளுயரப் பாறைகளைக் கையூன்றித் தாண்ட வேண்டும், சில இடங்களில் கயிறும் உச்சிக்குச் சற்று முன் ஏணியும் உண்டு. மழை பெய்த மறுநாள் அந்தப் பாறைகள் வழுக்கும் என்பதால், இறக்கத்துக்கான நேரத்தைக் குறைத்துக் கணக்கிடவே கூடாது. அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணியும் மெல்லிய கையுறையும் இங்கே உண்மையாகவே உதவும்.

பாதையில் தண்ணீரோ கழிப்பறையோ கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரையும், ஓனிகிரி போன்ற கட்டுச்சோற்றையும் இபுசுகியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கைமோன் நிலையத்தில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜூன் மாத மழையையும் அதன் பின் வரும் புழுக்கத்தையும் சூறாவளிக் காலத்தையும் தவிர்த்து, நவம்பர் முதல் மே வரையிலான நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்தில் உச்சியில் எப்போதாவது பனி விழுவதுண்டு. ஜப்பானிய வானிலை ஆய்வு முகமையின் செயல்படும் எரிமலைப் பட்டியலில் கைமோனும் இருப்பதால், புறப்படும் முன் அதன் எச்சரிக்கை நிலையையும் பார்த்துவிடுங்கள். புகையோ கந்தக நெடியோ உச்சியில் இல்லை. அங்கே ஒரு சிறு சன்னதியும், வடக்கே கியூஷுவின் மிகப் பெரிய ஏரியான இகேதாவின் முழுத் தோற்றமும் உண்டு.

நேரம் மிஞ்சினால் இபுசுகியில் இறங்கி, கடற்கரையின் சுடுமணலில் கழுத்துவரை புதைந்து படுக்கும் மணல் குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள், ஏனெனில் மலையில் வியர்த்தது போக மீதியும் அங்கே வியர்த்துவிடும்.