பெரிய ஆட்டக்காரர், சுமாரான மேனேஜர்?

கேள்வி: கால்பந்து மைதானத்தில் அவ்வளவு மாயம் காட்டிய மாரடோனா, பயிற்சியாளராக ஏன் சோபிக்கவில்லை? பெரிய ஆட்டக்காரர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது என்கிறான் என் நண்பன். உண்மையா?

பதில்: மாரடோனாவை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் நண்பர் ஜெயித்துவிடுவார். 2008-ல் அர்ஜென்டினா அணியை அவர் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன் அவருக்கு இருந்த பயிற்சி அனுபவம் இரண்டு கிளப்புகளில் சில மாதங்கள், அதுவும் தொண்ணூறுகளில். 2009 ஏப்ரலில் லா பாஸ் போய் பொலிவியாவிடம் 6-1 என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும், எல்லாம் சரி. அதற்காக ஆறு கோலா? அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனி 4-0 என்று முடித்துவைத்தது. அந்த அணியில் மெஸ்ஸி இருந்தார், அந்தத் தொடர் முழுக்க அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை.

பாபி சார்ல்டனும் உண்டு. 1966-ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர்களில் ஒருவர். 1973-ல் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு மேனேஜராக, அதாவது பயிற்சியாளராகப் போனார், முதல் சீசனிலேயே அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

ஆனால் உங்கள் நண்பரிடம் யோஹன் கிரைஃப் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆட்டக்காரராக ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதை மூன்று முறை வாங்கியவர். பயிற்சியாளராக பார்சிலோனாவுக்குத் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள், 1992-ல் அந்தக் கிளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பை (கிளப்புகளுக்கான அந்தப் போட்டிதான் இப்போது சாம்பியன்ஸ் லீக்). பிரான்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜிடான் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரியல் மாட்ரிட்டுக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கித் தந்தார். மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பாவர் 1974-ல் கேப்டனாகவும் 1990-ல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையைத் தூக்கினார்.

அப்படியென்றால் திறமை இடைஞ்சல் இல்லை. பின்னே எது? பிறவித் திறமையோடு ஆடியவனுக்குத் தான் எப்படிச் செய்கிறோம் என்று யோசிக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது, பந்து வருவதற்கு முன்பே கால் தானாக முடிவெடுத்துவிடும், அதை இன்னொருவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது? "ஏன்டா, இதுகூட வரலையா?" என்ற எரிச்சல்தான் மிஞ்சும். பொதுவாக எல்லோரும் சொல்கிற விளக்கம் இது, எனக்கும் பிடிக்கும், ஆனால் போதாது. இங்கிலாந்துக்கு ஆடிய கேரி நெவிலைப் பாருங்கள். டிவியில் ஆட்டத்தைப் பிரித்து விளக்குவதில் கில்லாடி. 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார், பார்சிலோனாவிடம் 7-0 என்று தோற்றார், நான்கு மாதம்கூட முடியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் கணக்கு வேறு. பெரிய பெயர் இருந்தால் வேலை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, அதுதான் வினை. சாதாரண ஆட்டக்காரர் யாரும் பார்க்காத இடத்தில் பத்துத் தப்புச் செய்து கற்றுக்கொண்டு மேலே வருகிறார். நட்சத்திரம் தன் முதல் தப்பையே எண்பதாயிரம் பேர் முன்னால்தான் செய்கிறார். இத்தாலியின் நட்சத்திர ஆட்டக்காரர் பிர்லோவை 2020 ஜூலை கடைசியில் அந்நாட்டு யுவென்டஸ் கிளப் தன் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, முதல் அணியையே கொடுத்துவிட்டார்கள்! தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்றிருந்த அணி அந்த சீசனில் நான்காவது வந்தது. ஜிடான் அப்படி வரவில்லை. முதலில் ரியல் மாட்ரிட்டின் அப்போதைய பயிற்சியாளர் ஆன்செலாட்டிக்கு உதவியாளர், அப்புறம் மூன்றாம் அடுக்கு லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர், அதற்குப் பிறகுதான் பெரிய நாற்காலி. குவார்டியோலாவும் பார்சிலோனாவின் இரண்டாம் அணியோடு நான்காம் அடுக்கில் ஒரு வருடம் இருந்துவிட்டுத்தான் மேலே வந்தார்.

என் கணக்கையும் ஒருவர் உடைக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். 1984-ல் மேற்கு ஜெர்மனி அணியைக் கொடுத்தபோது பெக்கன்பாவருக்குப் பயிற்சியாளர் உரிமம்கூடக் கிடையாது. அதனால் பயிற்சியாளர் என்று போட முடியாமல் 'டீம்ஷெஃப்' (அணிப் பொறுப்பாளர்) என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர் ஆடிய காலத்திலேயே பின்னால் நின்று முழு மைதானத்தையும் நடத்தியவர் என்பதால் பொறுத்துப்போகலாம்.

கேள்வி: ஆடவே ஆடாதவர் சொன்னால் வீரர்கள் கேட்பார்களா?

பதில்: முதல் ஒரு மாதம் கேட்கமாட்டார்கள். ஜெயிக்க ஆரம்பித்தால் கேட்பார்கள். அரிகோ சாச்சி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை, அவருடைய ஏசி மிலான் 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கோப்பை வென்றது. குதிரை ஓட்டுகிறவர் முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் பதில். மொரின்யோ, பயிற்சியாளர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து மேலே வந்தவர், பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார், அதைவிட நல்ல படிப்பு ஏது?

கேள்வி: நடுக்கள ஆட்டக்காரர்கள்தான் நல்ல பயிற்சியாளர் ஆகிறார்களோ?

பதில்: ஆன்செலாட்டி, குவார்டியோலா, டெஷாம்ப், சாபி அலோன்சோ என்று வரிசையாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். டெஷாம்பை 'தண்ணீர் சுமக்கிறவர்' என்று சக பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கான்டனா கிண்டலடித்தார், அவரோ 1998-ல் கேப்டனாகவும் 2018-ல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றார். நடுவில் ஆடுகிறவனுக்கு நாலு திசையிலும் கண் இருக்கவேண்டும், பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இதைச் சட்டமாக்காதீர்கள், மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் முன்கள ஆட்டக்காரர்.

கேள்வி: மெஸ்ஸி ஒருநாள் நல்ல பயிற்சியாளர் ஆவாரா?

பதில்: அவர் செய்வதை அவராலேயே விளக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 2022-ல் அவர் உலகக் கோப்பையைத் தூக்கியபோது பயிற்சியாளராக இருந்த லியோனல் ஸ்கலோனி, தன் நாட்டுக்காக ஆடியது மொத்தமே ஏழு ஆட்டம். 2006 உலகக் கோப்பையில் இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள், அன்றைக்கு யாரிடமாவது இந்த இருவரில் யாருக்குக் கீழே யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.